கொட்டத் தெரியாத தேள்!

ஒரு நாள் காலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால் இரண்டு பிராணிகள் தெரியும். வாங்கி வைத்தது ஒன்றுதான்! ஒன்று கறுப்பாக, அசையாமல் தொங்கும். மற்றொன்று வெளிறிப் போய், இளம்பச்சை படர்ந்து, துவண்டு கிடக்கும். “ஐயோ, செத்துவிட்டதே!” என்று பதறுவார், புதிதாக வளர்ப்பவர்.

சாகவில்லை. பாம்பு சட்டை உரிப்பதுபோல, இரவோடு இரவாகத் தன் பழைய தோலை உரித்துப் போட்டிருக்கிறது. கறுப்பாகத் தொங்குவது வெறும் கூடு. வெளிறிக் கிடப்பதுதான் நிஜப் பிராணி!

இந்த விசித்திரப் பிராணியின் பெயர், வாலில்லாச் சவுக்குத் தேள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதை வீட்டில் வைத்து ஆசையோடு வளர்க்கிறார்கள். “தேளையா வளர்க்கிறார்கள்?” என்று முகம் சுளிக்க வேண்டாம். பெயரில்தான் தேள், செயலில் பரம சாது.

அடையாளம் என்ன?

தேள், சிலந்தி, உண்ணி ஆகிய எல்லாம் எட்டுக்கால் வர்க்கத்தைச் சேர்ந்தவை. இதுவும் அந்த வர்க்கந்தான். ஆனால் தேளும் அல்ல, சிலந்தியும் அல்ல. இது தனிக் குடும்பம். 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இதன் மூதாதைகள் பூமியில் இருந்தன என்பதற்குப் பாறைகளில் சான்று கிடைத்திருக்கிறது. இன்று 250-க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன.

அடையாளம் காண்பது எளிது. முதலில் பின்புறத்தைப் பாருங்கள். வால் இல்லை, ஆகவே கொடுக்கும் இல்லை. விஞ்ஞானிகள் வைத்த “அம்பிளிபைஜி” என்ற கிரேக்கப் பெயருக்கே “மழுங்கிய பின்புறம்” என்றுதான் பொருள். அடுத்து, உடலைப் பாருங்கள். யாரோ கட்டை விரலால் அழுத்தி வைத்ததுபோல் தட்டையாக இருக்கும். நண்டைப்போலப் பக்கவாட்டில் ஓடும். சிலந்தியைப்போல நூல் நூற்காது, வலை பின்னாது.

மூன்றாவது அடையாளந்தான் முக்கியம். கால்கள் எட்டு இருந்தாலும் நடப்பது ஆறு கால்களால் மட்டுமே. முன்னால் உள்ள இரண்டும் சாட்டைபோல மெலிந்து மிக நீளமாக இருக்கும். குருடர் கைத்தடியால் தடவிப் பார்ப்பதுபோல், இவற்றால் நாலாபுறமும் தடவிப் பார்த்து, இருட்டில் வழி கண்டுபிடிக்கும். மோப்பம் பிடிப்பதும் இவற்றின் நுனியால்தான்.

கோஸ்டா ரிகா நாட்டுக் காட்டில் ஒரு சோதனை நடத்தினார்கள். சில சவுக்குத் தேள்களை அவை வாழ்ந்த மரத்திலிருந்து தூரத்தில் கொண்டுபோய் விட்டார்கள். கண்ணை மறைத்துவிட்ட பிறகும் அவை இரவில் வீடு வந்து சேர்ந்தன. சவுக்குக் கால்களின் நுனியை உணர்விழக்கச் செய்தபோதோ, வழி தெரியாமல் திகைத்தன! இந்த முடிவு 2017-ல் வெளியாயிற்று.

சவுக்குத் தேள் என்ற பெயரில் வேறொரு பிராணியும் உண்டு. அதற்கு நூல் போன்ற வால் இருக்கும்; பயந்தால் காடி நெடி அடிக்கும் திரவத்தைப் பீய்ச்சும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

விஷம் உண்டா?

கிடையவே கிடையாது. பயமுறுத்துவதெல்லாம் வாயருகே மடங்கி இருக்கும் முள் நிறைந்த இரண்டு கைகள்தான். இரை பக்கத்தில் வந்ததும், கண் இமைக்கும் நேரத்தில் அந்தக் கைகள் நீண்டு கவ்விவிடும். மனிதன் முரட்டுத்தனமாகப் பிடித்தால் முள் குத்தலாம். அவ்வளவே.

2005-ல் வெளிவந்த நான்காவது ஹாரி பாட்டர் படத்தில், மந்திர வகுப்பில் ஆசிரியர் ஒரு கோரப் பூச்சியை ஆட்டி வைப்பார். பார்த்தவர்கள் நடுங்கினார்கள். அந்த உருவம் இந்தச் சாதுவினுடையதுதான்!

வீடு எப்படி இருக்க வேண்டும்?

வளர்ப்பவர்களிடம் அதிகமாகக் காணப்படுவது “டாமன் டயடீமா” என்னும் இனம். கென்யா, டான்சானியா முதலிய கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் இதன் தாயகம். கால்களை விரித்தால் எட்டு அங்குலம் வரை இருக்கும்.

இதற்குத் தேவை அகலமான பெட்டி அல்ல, உயரமான பெட்டி. ஒன்றரை அடி உயரமாவது வேண்டும். உள்ளே தக்கைமரப் பட்டை ஒன்றைச் சாய்த்து வைக்க வேண்டும். பிராணி அதன் அடிப்பக்கத்தில் தொங்குவதற்கு இடம் இருக்க வேண்டும். தரையில் ஈரமான தேங்காய் நார்த் தூளைப் பரப்பலாம். பக்கங்களில் காற்றோட்டம் தேவை. இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

வெப்பம் 24 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு போதும். காற்றில் ஈரம் நூற்றுக்கு 75 பங்கு இருப்பது நல்லது. தினமும் ஒரு சுவரில் தண்ணீர் தெளித்தால், அந்தத் துளிகளை இரவில் குடித்துக்கொள்ளும். பளிச்சென்ற விளக்கு கூடாது. இது இருட்டில் நடமாடும் ஜீவன்.

உணவு சுவர்க்கோழி அல்லது கரப்பான்பூச்சி. வளர்ந்த பிராணிக்கு வாரம் ஒரு முறை கொடுத்தால் போதும். இரை, அதன் உடலைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. தின்னாமல் விட்ட பூச்சிகளை எடுத்துவிட வேண்டும். ஏன் என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

உயிர் ஊசலாடும் இரவு

இந்தப் பிராணியின் வாழ்வில் மிக அபாயமான நேரம், தோலுரிக்கும் நேரந்தான். பல நாட்களாகவே சாப்பிட மறுக்கும். பிறகு ஓர் இரவில் பட்டையின் அடியில் தலைகீழாகத் தொங்கும். தோல் பிளக்கும். மெல்ல மெல்லக் கீழ்நோக்கி நழுவி, இழைபோன்ற அந்த நீண்ட கால்களை ஒவ்வொன்றாக உருவி எடுக்கும். அதன் பாரமே அதற்குத் துணை.

கீழே போதிய இடம் இல்லாவிட்டால்? பாதியில் தரை தட்டும். கால்கள் கோணிக்கொள்ளும், அல்லது கூட்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். பெரும்பாலும் அதுவே அதன் முடிவு. பெட்டி உயரமாக இருக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவது இதனால்தான்.

உரித்து முடித்ததும் உடல் மெழுகுபோல மெத்தென்று இருக்கும். தின்னாமல் விட்ட சுவர்க்கோழி ஒன்று உள்ளே இருந்தால், வேட்டைக்காரனையே அது கடித்துக் குதறிவிடும்! செத்துவிட்டதென்று பதறி எடுப்பவரின் கையும் அதற்கு எமன்தான். ஆகவே பொறுத்திருங்கள். ஒரு வாரம் கழித்து, உடல் கறுத்து இறுகிய பிறகு உணவு கொடுங்கள்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. காலை இழந்த பிராணிக்கு, அடுத்தடுத்துத் தோலுரிக்கும்போது புதிய கால் முளைத்துவிடும். வயது வந்த பிறகும் இது தோலுரித்துக்கொண்டே இருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை வாழும்.

தாயின் பாசம்

தாய், முட்டைகளை வயிற்றின் அடியில் பையாகச் சுமந்து திரியும். பொரிந்த குஞ்சுகள் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும். முதல் தோலுரிப்புக்குமுன் தவறி விழுந்த குஞ்சு பிழைப்பது அரிது.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா ரேயர் என்ற அம்மையார், இவற்றின் குடும்ப வாழ்வை ஆராய்ந்து 2006-ல் வெளியிட்டார். குஞ்சுகள் இறங்கிய பிறகும் தாயைச் சுற்றியே வாழ்கின்றன. தாய் நடுவில் உட்கார்ந்து, தன் சவுக்குக் கால்களால் குழந்தைகளை வருடிக்கொண்டே இருக்கிறது. அவற்றைப் பிரித்துப் புதிய பெட்டியில் அங்கங்கே விட்டால், சில நிமிஷங்களில் மறுபடியும் ஒன்றுகூடிவிடுகின்றன! பிறரைக் கண்டால் அடித்துத் தின்னும் வர்க்கத்தில் இப்படி ஒரு குடும்பம்!

வாங்க நினைப்பவர்கள், காட்டில் பிடித்ததா, வீட்டில் பிறந்ததா என்று கேட்டே வாங்க வேண்டும். காட்டு விலங்குகளை உயிருடன் ஏற்றுமதி செய்வதற்கு டான்சானியா அரசாங்கம் 2016-ல் தடை போட்டது நினைவிருக்கட்டும். பெட்டியில் பிறந்த குஞ்சுகளும் கிடைக்கும்போது, காட்டைச் சூறையாடுவானேன்?

இதன் உறவினர்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் பாறை இடுக்குகளிலும் குகைகளிலும் வாழ்கின்றன. என்றாவது ஒரு நாள் விளக்கு வெளிச்சத்தில் ஒன்று தென்பட்டால், வால் இருக்கிறதா என்று பாருங்கள். வால் இல்லை, முன்கால்கள் சாட்டைபோல நீளுகின்றன என்றால், ஓங்கிய செருப்பைக் கீழே போடுங்கள். உங்களைக் கண்டு அது பயப்படுவதில் நியாயம் உண்டு. அதைக் கண்டு நீங்கள் பயப்படுவதில் நியாயமே இல்லை!