குண்டின் முனையில் ஒரு கேள்வி

மாணவர்களே, சில விளம்பரங்களிலும் கேலிச்சித்திரங்களிலும் தோட்டா முழுவதும் காற்றில் பறந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். உண்மையில் அப்படி நடப்பதில்லை. ஒரு தோட்டாவில் நான்கு பகுதிகள் உண்டு: பித்தளைக் கூடு, அதனுள் வெடிமருந்து, அடியில் தீப்பொறி தரும் சிறு மூடி, முன்னால் செருகப்பட்ட குண்டு. சுட்டதும் வெடிமருந்து எரிந்து வாயுவாகிறது. அந்த வாயுவின் அழுத்தம் குண்டை மட்டுமே குழலிலிருந்து வெளியே தள்ளுகிறது. காலிக் கூடு பின்தங்கிவிடும்.

உருண்டையும் பம்பரமும்

பழைய துப்பாக்கிகளின் குண்டு, கோலியைப் போன்ற ஈய உருண்டை. ஈயம் 327 பாகை செல்சியசில் உருகிவிடும் என்பதால் போர்வீரர்கள் அடுப்புத் தீயிலேயே குண்டு வார்த்துக்கொண்டனர். ஆனால், குழலைவிடச் சற்றுச் சிறிய அந்த உருண்டை உள்ளே இங்குமங்கும் மோதியபடி வெளியேறியது. அதனால் 100 மீட்டருக்கு அப்பால் குறி தவறுவது வழக்கமாக இருந்தது.

1849இல் பிரான்சின் இராணுவ அதிகாரி குளோட் மினியே கூம்பு வடிவக் குண்டு ஒன்றை வடிவமைத்தார். அதன் அடிப்பகுதி குழிவாக இருந்தது. வாயு அழுத்தத்தில் அந்தக் குழிவின் ஓரம் விரிந்து, குழலின் உட்புறத்தில் வெட்டப்பட்ட திருகுப் பள்ளங்களைப் பற்றிக்கொண்டது. குண்டு சுழன்றபடி வெளியேறியது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதைப் போல, சுழலும் குண்டும் தலைகுப்புறப் புரளாமல் நேராகச் சென்றது.

செப்புப் போர்வை

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புகையில்லா வெடிமருந்து வந்தது. குண்டின் வேகம் கூடியது. மென்மையான ஈயம் அந்த வேகத்தைத் தாங்காமல் குழலில் உராய்ந்து ஒட்டிக்கொண்டது. ஆகவே ஈயத்தின் மேல் செம்பு போன்ற உலோகத்தைப் போர்த்தினார்கள். காற்றுத் தடையைக் குறைக்க முனையையும் கூராக்கினார்கள்.

வேகம் ஏன் அவ்வளவு முக்கியம்? இயக்கச் சக்தியின் சூத்திரத்தை நினைத்துப் பாருங்கள்: பொருண்மையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். 8 கிராம் கைத்துப்பாக்கிக் குண்டு விநாடிக்கு 350 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் சக்தி 490 ஜூல். 4 கிராம் ரைபிள் குண்டு 900 மீட்டர் வேகத்தில் சென்றால் 1,620 ஜூல். எடை பாதிதான், சக்தியோ மூன்று மடங்குக்கும் மேல்!

சக்தி எங்கே போகிறது?

முழுவதும் உலோகம் போர்த்திய குண்டு உடலைத் துளைத்து, மீதிச் சக்தியோடு மறுபக்கம் வெளியேறக்கூடும். முனையில் ஈயம் வெளியே தெரியும் குண்டும், முனையில் குழி உள்ள குண்டும் அப்படியல்ல. அவை உடலில் பட்டதும் காளான்போல் விரிந்து, சக்தியில் பெரும்பகுதியை உள்ளேயே இறக்கிவிடும். காயம் மிகக் கொடியதாகும்.

1890களில் கல்கத்தா அருகே டம் டம் என்ற இடத்தில் இருந்த பிரிட்டிஷ் ஆயுதச்சாலை இத்தகைய குண்டுகளைத் தயாரித்தது. 1899இல் ஹேக் நகரில் கூடிய மாநாடு, உடலில் எளிதில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. முதலில் எதிர்த்த பிரிட்டன் 1907இல் இணங்கியது.

ஆனால், அமெரிக்காவில் காவல்துறையினர் பலர் இன்று வைத்திருப்பது குழிமுனைக் குண்டுகளைத்தான். மக்கள் கூடும் இடத்தில் ஒருவரைத் துளைத்து வெளியேறும் குண்டு, பின்னால் நிற்கும் அப்பாவியையும் தாக்கலாம் என்பது அவர்கள் கூறும் காரணம். போர்க்களத்தில் கொடுமை எனப்பட்ட அதே வடிவம், நகரத் தெருவில் பாதுகாப்பு எனப்படுகிறது.

குண்டு எங்கே நிற்கும், எவ்வளவு சக்தியை இறக்கும் என்பதை இயற்பியல் கணக்கிட்டுச் சொல்லும். அதைப் பயன்படுத்தலாமா என்பதற்குச் சூத்திரம் கிடையாது. 1899இல் நாடுகள் கூடிப் பேசித்தான் அதற்கு விடை தேட வேண்டியிருந்தது. உங்கள் விடை என்ன? வகுப்பில் விவாதித்துப் பாருங்கள்.