ஈர்ப்பு அலைகளில் செய்தி அனுப்ப முடியுமா?

ஆழ்கடலில் செல்லும் நீர்மூழ்கிக் கப்பலுடன் தொடர்பு கொள்வது இன்றும் எளிதன்று. வானொலி அலைகளைக் கடல்நீர் விரைவில் உறிஞ்சிவிடுகிறது. ஆனால், ஈர்ப்பு அலைகள் கடலை மட்டுமல்ல, பூமியையே தடையின்றி ஊடுருவக் கூடியவை. எனில், அவற்றின் வழியே செய்தி அனுப்பலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு.

1916-இல் ஐன்ஸ்டீன் கணித்த இந்த அலைகளை, 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ ஆய்வகங்கள் முதன்முதலாக நேரடியாகப் பதிவு செய்தன. சுமார் 130 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரு கருந்துளைகள் இணைந்தபோது, ஏறத்தாழ மூன்று சூரியன்களின் நிறைக்கு ஈடான ஆற்றல் அலைகளாக வெளிப்பட்டது. ஆயினும், 4 கி.மீ. நீளமுள்ள கருவியின் கரத்தில் அது ஏற்படுத்திய மாற்றம், புரோட்டானின் விட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

எதனாலும் தடுக்கப்படாத அலை, எதன் மீதும் எளிதில் தன் சுவட்டைப் பதிப்பதில்லை. ஊடுருவும் ஆற்றல் எந்தப் பண்பினால் வருகிறதோ, அதே பண்பினால்தான் அவற்றைக் கண்டறிவதும் கடினமாகிறது.

அனுப்புவதோ அதனினும் அரிது. 20 மீட்டர் நீளமும் 490 டன் நிறையும் கொண்ட எஃகுத் தண்டை, முறிந்துவிடும் எல்லை வரை விரைவாகச் சுழற்றுவதாகக் கொள்வோம். அதிலிருந்து வெளிப்படும் ஈர்ப்பு அலையின் திறன், ஒரு வாட்டைக் கோடியால் அடுத்தடுத்து நான்கு முறை வகுத்தால் கிடைப்பதைவிடக் குறைவு. இது பொறியியல் முன்னேற்றத்தால் மட்டும் கடந்துவிடக் கூடிய இடைவெளி அன்று.

மகாராஷ்டிர மாநிலம் ஹிங்கோலி மாவட்டத்தில் சுமார் ரூ.2,600 கோடியில் லைகோ ஆய்வகம் அமைக்க 2023-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மக்களின் வரிப்பணத்தில் இச்செலவு ஏன் என்று கேட்பது நியாயமே. நாளை தகவல் தொடர்புக்கு உதவும் என்று அதற்கு விடை கூறினால், அது நேர்மையாகாது.

உண்மையான விடை வேறு. 2017 ஆகஸ்டில் இரு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்தபோது, இத்தாலியிலுள்ள மூன்றாவது கருவியும் இயங்கியதால்தான் அலை வந்த திசையைக் குறுக்க முடிந்தது. உலகின் தொலைநோக்கிகள் அத்திசையில் திரும்பின. தங்கம் போன்ற கனமான தனிமங்கள் அத்தகைய இணைவில் உருவாவதற்கான சான்று கிடைத்தது. வெகுதொலைவில் இந்தியாவிலும் ஒரு கருவி அமைந்தால், திசையறிதல் மேலும் துல்லியமாகும்.

ஒருவர் பெறுவதால் மற்றவருக்குக் குறையாத பொதுப் பண்டம் அறிவு. இலாபம் நோக்கும் சந்தை அதற்கு முதலிட முன்வராது. அரசுதான் முன்வர வேண்டும். ஈர்ப்பு அலைகளில் நாம் செய்தி அனுப்ப இயலாது. ஆனால், பேரண்டம் அனுப்பிக் கொண்டிருக்கிறது. அதைக் கேட்பதற்கே இந்தச் செலவு.