சென்னை ஆர்மீனியர் கல்லறைகளும் திருச்சபை எல்லைகளும்

ஆய்வுச் சுருக்கம்

ஆர்மீனியத் திருச்சபை கி.பி. 451-இல் கூடிய கால்சிடோன் பொதுச்சங்கத்தின் முடிவை ஏற்காத மரபுவழித் திருச்சபைகளுள் ஒன்று. கோட்பாட்டளவில் உரோமைக் கத்தோலிக்கத் திருச்சபையினின்று வேறானது. எனினும் சென்னையில் ஆர்மீனியரின் நினைவுக்கற்கள் கத்தோலிக்க ஆலயங்களிலும் காணப்படுகின்றன. இக்கல்லறைகள் காட்டும் சமய உறவை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆர்மீனியர், கல்லறை, வேப்பேரி, உஸ்கான், பரங்கிமலை.

முன்னுரை

தமிழ்நாட்டில் நினைவுக்கல் ஆய்வு பெரும்பாலும் நடுகற்களைச் சார்ந்தே வளர்ந்துள்ளது. கல் நடுதலின் படிநிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்துரைத்தமை அதற்கு வலுவான அடித்தளமாயிற்று. ஆனால் வணிகத்தின்பொருட்டு இங்கு வந்து மறைந்த அயலவரின் கற்கள் தமிழாய்வில் போதிய இடம்பெறவில்லை. அவற்றுள் ஆர்மீனியர் கற்கள் குறிப்பிடத்தக்கவை.

குடியேற்றமும் வழிபாடும்

1688-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆர்மீனிய வணிகருடன் உடன்படிக்கை செய்துகொண்டது. நாற்பது ஆர்மீனியர் வாழும் கம்பெனிக் குடியிருப்புகளில் அவர்தம் வழிபாட்டிற்கு நிலமும் மரத்தாலான ஆலயமும் தருவதாக அது உறுதியளித்தது. சென்னையில் அவர்களின் முதல் ஆலயம் 1712-இல் எழுந்தது. இன்றைய ஆர்மீனியன் தெருவிலுள்ள தூய மரியாள் ஆலயம், அவர்களுடைய பழைய இடுகாட்டு நிலத்தில் 1772-இல் கட்டப்பட்டது. ஆகவே அங்கு ஆலயத்திற்கு முற்பட்டவை கல்லறைகளே. 1642-இல் சென்னையில் பணி தொடங்கிய கப்புச்சின் துறவியரின் கத்தோலிக்க ஆலயமும் அதே தெருவில் உள்ளது. பரங்கிமலைக் கத்தோலிக்க ஆலயத்திலும் ஆர்மீனிய எழுத்துப் பொறிப்புகள் உள்ளன.

உஸ்கான் கல்லறை

இவ்வுறவைத் தெளிவாகக் காட்டுவது வேப்பேரியிலுள்ள கோஜா பெத்ருஸ் உஸ்கானின் கல்லறை. ஈரானின் ஜூல்ஃபாவைச் சேர்ந்த இவ்வணிகர் 1726-இல் அடையாற்றின்மீது மர்மலாங் பாலத்தைக் கட்டுவித்தார். பரங்கிமலைக்குப் படிகளும் அமைத்தார். பாலத்தின் கல்வெட்டு பாரசீகம், ஆர்மீனியம், இலத்தீன் ஆகிய மும்மொழிகளில் அமைந்தது. இன்று அவ்விடத்தில் மறைமலையடிகள் பாலம் உள்ளது. வேப்பேரியில் இவர் எடுப்பித்த அற்புத மாதா சிற்றாலயம் கத்தோலிக்கர் வழிபாட்டிற்குரியதாயிருந்தது.

1746-இல் பிரெஞ்சுப் படையினர் சென்னையைக் கைப்பற்றினர். 1749-இல் நகரை மீளப்பெற்ற ஆங்கிலேயர், கத்தோலிக்கக் குருமார் பிரெஞ்சுக்காரருக்கு உதவினர் என ஐயுற்றனர். கத்தோலிக்கரும் ஆர்மீனியரும் கோட்டையின் வெள்ளையர் பகுதியில் வாழ்வதற்குத் தடை வந்தது. 1751-இல் உஸ்கான் மறைந்தார். அவர் விருப்பப்படி இதயம் மட்டும் ஜூல்ஃபாவிற்கு அனுப்பப்பட்டது; உடல் வேப்பேரியில் அடக்கமாயிற்று. மறு ஆண்டே சிற்றாலயம் சீர்திருத்தத் திருச்சபைப் போதகர் பப்ரீசியுசிடம் ஒப்படைக்கப்பட்டது. விவிலிய மொழிபெயர்ப்பாலும் 1779-இல் வெளியான தமிழ் – ஆங்கில அகராதியாலும் தமிழுலகு அறிந்தவர் இவர். அவ்விடம் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் தூய மத்தியாஸ் ஆலயம். வழிபாட்டு மரபு மாறியும் கல்லறை அங்கேயே நிலைபெற்றுள்ளது.

ஷ்மாவோனியன் கல்லறை

ஆர்மீனியன் தெரு ஆலய வளாகத்தில் அருட்தந்தை ஹருத்தியுன் ஷ்மாவோனியன் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். உலகின் முதல் ஆர்மீனிய இதழாகிய ‘அஸ்தராரை’ 1794-இல் இவர் சென்னையிலேயே அச்சிட்டார், 1824-இல் காலமானார். ஒரு மொழியின் இதழியல் வரலாற்றுத் தொடக்கத்திற்கு இக்கல்லறை சான்றாகிறது.

முடிவுரை

ஓர் ஆலயம் எத்திருச்சபைக்குரியது என்பதை அரசாணை ஒரே நாளில் மாற்றிவிடக்கூடும். ஆனால் அதற்கு முன் அங்கு யார் எவரோடு வழிபட்டனர், யார் பொருள் ஈந்தனர் என்பதை அங்குள்ள கல்லறை தொடர்ந்து உரைக்கிறது. அதனால் ஆலயத்தின் இன்றைய பெயரைக்கொண்டு கல்லறைகளை வகைப்படுத்துவது வரலாற்றைப் பிழைபடக் காட்டும். நிலத்தில் பதிந்த கற்களின் எழுத்துகள் காலடிகளால் தேய்ந்துவரும் சூழலில், நடுகற்களுக்கு மேற்கொள்ளப்படும் படியெடுப்பும் பதிப்பும் இவற்றுக்கும் உடனடித் தேவையாகும். ஆர்மீனியம், இலத்தீன் அறிந்தோருடன் தமிழ்க் கல்வெட்டாய்வாளர் இணைந்து செய்யத்தக்க பணி இது.