மலிவு என்பது யாது?

தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் வழியில் உள்ள சிற்றூர் லிந்துலை. சம்பள நாள் வந்ததும், சுற்றியுள்ள தேயிலை மலைகளிலிருந்து இறங்கிவரும் மக்களால் அதன் கடைவீதி நிறைந்துவிடும். அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, தேங்காய், கருவாடு என ஒரு குடும்பத்தின் மாத வாழ்வே அங்கு நிறுத்துக் கொடுக்கப்படுகிறது. வீட்டுக்கு வேண்டியவற்றை நியாயமான விலைக்கு வாங்குவது எவ்வாறு என்ற வினாவுக்கு, இக்கடைவீதி தரும் விடை பெரிதும் சிந்திக்கத்தக்கது.

விலையை விசாரித்து, தரம் அறிந்து, நிறை பார்த்து வாங்குக என்பது பொதுவான அறிவுரை. நல்ல அறிவுரைதான். ஆயினும், கையில் காசு உள்ளவருக்கே அது பயன்படும். கடைக்காரரின் பற்றுக் கொப்பியில் பெயர் ஏறியவர் பேரம் பேச முடியுமா? அடுத்த கடையில் விலை குறைவு என்று தெரிந்தாலும், பழைய பாக்கி அவரை அங்கே செல்ல விடுவதில்லை. கடைக்காரரை மட்டும் குறைகூறுவதும் முறையன்று. அவருடைய முதலும் அக்கொப்பியில்தான் முடங்கிக் கிடக்கிறது. வராத கடனின் நட்டத்தை வருகின்ற கடனின்மேல் ஏற்றுகிறார்.

மலையகத்தில் இந்தக் கட்டு இன்று நேற்று ஏற்பட்டதன்று. பெரிய கங்காணியிடம் பட்ட கடன் தீரும்வரை தொழிலாளி தோட்டம் மாற இயலாத காலம் ஒன்று இருந்தது. அக்கடனைச் செலுத்தினால் ஆளை விடுவிப்பதாகத் தோட்டம் எழுதிக்கொடுக்கும் காகிதமே ‘துண்டு’ எனப்பட்டது. 1921ஆம் ஆண்டில்தான் சட்டம் அதனைத் தடைசெய்தது. அரிசியோ தோட்டத்தாலேயே வழங்கப்பட்டு, சம்பளத்தில் கழிக்கப்பட்டது. விலையேற்றக் காலங்களில் அம்முறை மக்களைப் பட்டினியிலிருந்து ஓரளவு காத்ததுண்டு. ஆனால் எந்த அரிசி, என்ன விலை, எந்தக் கடை என்று தெரிந்தெடுக்கும் உரிமை வாங்குபவருக்கு இருக்கவில்லை. இங்கிலாந்திலோ, கூலியைப் பணமாகவே கொடுக்கவேண்டும் என்று 1831ஆம் ஆண்டிலேயே பல தொழில்களுக்குச் சட்டம் செய்துவிட்டனர். தம் நாட்டுத் தொழிலாளிக்குத் தேவையெனக் கண்ட உரிமை, இம்மலைகளில் கொழுந்து பறித்தவருக்குத் தேவையெனத் தோன்றவில்லை போலும்!

இன்று துண்டு இல்லை. அரிசியும் கடையில் வாங்கலாம். ஆயினும் வேலை செய்த நாட்களை எண்ணியே சம்பளம் வருகிறது. கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. மாத முடிவில் கைக்கு வருவது எவ்வளவு என்று முன்னரே அறியாத இல்லத்தரசி எவ்வாறு வரவுசெலவு வகுப்பாள்? 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் கோதுமை மாவின் விலை பன்மடங்கு உயர்ந்தபோது, ரொட்டியை நம்பியிருந்த லயங்கள் பட்ட பாட்டை நாடு அறியும்.

சிறு பொதிகளின் கணக்கையும் பார்ப்போம். ஒரு பொருளின் 100 கிராம் பொதி 60 ரூபா, ஒரு கிலோப் பொதி 500 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பத்துமுறை சிறு பொதி வாங்குபவள் 600 ரூபா கொடுக்கிறாள். அந்த மேலதிக 100 ரூபா வறுமையின்மீது விதிக்கப்பட்ட வரியேயன்றி வேறென்ன? அதே லயத்தின் ஐந்து குடும்பங்கள் ஆளுக்கு 100 ரூபா சேர்த்துப் பெரிய பொதியை வாங்கிப் பங்கிட்டால், ஒவ்வொரு வீட்டுக்கும் 200 கிராம் கிடைக்கும். வீட்டுக்கு 20 ரூபா மிஞ்சும்.

இவ்வழியைப் பெரிதாகச் செய்து காட்டியவர்களும் ஏழைத் தொழிலாளரே. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில், நெசவாளர் உள்ளிட்ட ஒரு சிறு கூட்டத்தார் தம் சேமிப்பைத் திரட்டி ஒரு கடை திறந்தனர். மா, சீனி, வெண்ணெய், மெழுகுதிரி போன்ற சில பொருட்களே அங்கு இருந்தன. கலப்படமற்ற பொருள், சரியான நிறை, ரொக்க விற்பனை, வாங்கிய அளவுக்கேற்ப இலாபத்தில் பங்கு என்பன அவர்தம் நெறிகள். கடன் இல்லை என்ற விதி கடுமையாகத் தோன்றலாம். கடனால் நொந்தவர்களே அவ்விதியை வகுத்தனர் என்பதை மறத்தலாகாது. இலங்கையிலும் 1911ஆம் ஆண்டிலேயே கூட்டுறவுச் சட்டம் பிறந்துவிட்டது. அதன் பயனை லயங்களின் அடுப்படிவரை கொண்டுசெல்வது மலையகத்தின் ஆசிரியர்களும் இளைஞர்களும் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.

பொதியில் அச்சிட்ட விலையை வாசித்தலும், பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுதலும், ஒரு கிலோவுக்கு என்ன விலையாகிறது என்று கணக்கிடுதலும் பள்ளிப் பிள்ளைகள் தாய்மாருக்கு உதவக்கூடிய எளிய செயல்கள். தான் பறித்த கொழுந்து நாள்தோறும் நிறுக்கப்படுவதைக் கண்டு நிற்பவள் அத்தாய். கடைத் தராசின் முள்ளையும் அவள் கூச்சமின்றி உற்று நோக்கட்டும். குறைந்த விலை மட்டும் மலிவாகாது. வேண்டாம் என்று சொல்லி அடுத்த கடைக்கு நடக்கும் சுதந்திரத்தோடு வாங்கிய பொருளே உண்மையில் மலிவானது.