கிளந்தான் ஷரியா சட்டம்: 16 பிரிவுகள் ரத்தானது ஏன்?

எடையில் மோசடி செய்வது குற்றம். சூதாட்டமும் குற்றம். சரி, இதற்கெல்லாம் மதத்தின் பெயரில் ஒரு மாநிலம் தனிச்சட்டம் போடலாமா? மலேசியாவில் பெரிய மோதலைக் கிளப்பிய கேள்வி இதுதான்.

என்ன நடந்தது?

கிளந்தான் மாநிலத்தில் 1990 முதல் பாஸ் என்ற இஸ்லாமியக் கட்சியின் ஆட்சி. அங்கே 2019-ல் நிறைவேறிய ஷரியா குற்றவியல் சட்டம், 2021 நவம்பரில் அமலுக்கு வந்தது. வழக்கறிஞர் நிக் எலினும் அவருடைய மகளும் இதை எதிர்த்து வழக்கு போட்டாங்க. இருவருமே முஸ்லிம்கள். 2024 பிப்ரவரி 9 அன்று, நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், 8-க்கு 1 என்ற கணக்கில் 16 பிரிவுகளை ரத்து செய்தது.

காரணம் என்ன?

மலேசியாவில் இஸ்லாம் மாநிலப் பட்டியலில் இருக்கு. மதநெறியை மீறும் முஸ்லிம்களுக்கு எதிராக மாநிலங்கள் சட்டம் போடலாம். ஆனா ஒரு நிபந்தனை: மத்தியப் பட்டியலில் உள்ள விஷயங்களைத் தொடக்கூடாது. பொதுக் குற்றவியல் சட்டம் மத்தியப் பட்டியலில்தான் வருது. அந்த எல்லையை கிளந்தான் தாண்டிவிட்டது என்றது நீதிமன்றம்.

எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது?

இஸ்லாம்தான் கூட்டரசின் மதம் என்று அரசியலமைப்பே சொல்கிறது. எல்லாக் குற்றங்களும் மத்திய அரசுக்கே போனால் மாநிலத்துக்கு மிச்சம் என்ன என்று பாஸ் ஆதரவாளர்கள் கேட்கிறார்கள். தீர்ப்பு நாளில் நீதிமன்ற வாசலில் திரண்டு பிரார்த்தனையும் செய்தார்கள்.

மக்களுக்கு இதில் என்ன?

ரத்தான பிரிவுகளில் ஒன்று, நெருங்கிய ரத்த உறவுக்குள் பாலியல் உறவு பற்றியது. ஷரியா நீதிமன்றம் அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, 5,000 ரிங்கிட் அபராதம், 6 பிரம்படிதான் விதிக்க முடியும். இதே குற்றத்துக்கு மத்தியச் சட்டத்தில் தண்டனை பல மடங்கு அதிகம். வழக்கு எந்த நீதிமன்றத்துக்குப் போகிறது என்பதைப் பொறுத்து, பாதிக்கப்பட்டவருக்குக் கிடைக்கும் நீதியே மாறிப்போகும்.

ஷரியா நீதிமன்றங்கள் இனி இருக்காதா?

அப்படி இல்லை. முஸ்லிம்களின் திருமணம், விவாகரத்து, வாரிசுரிமை வழக்குகளை அவை வழக்கம்போல விசாரிக்கும். இந்த வழக்கு இஸ்லாமின் அந்தஸ்து பற்றியது அல்ல என்று அப்போதைய தலைமை நீதிபதி தெங்கு மைமூனும் தெளிவுபடுத்தினார். மதநெறி நம்பிக்கையாக இருக்கும்வரை அதற்கு அரசியலமைப்பின் அளவுகோல் தேவையில்லை. போலீஸும் சிறையும் உள்ள சட்டமாக மாறிவிட்டால், மற்ற எல்லாச் சட்டங்களையும் போல அதுவும் அந்த அளவுகோலைத் தாண்டித்தான் ஆகணும்.