முதலில் தண்ணீர் பழகட்டும். பிறகு மீன் வாங்கலாம்!

சென்னை கொளத்தூருக்குப் போனால் வண்ணமீன் கடைகள் வரிசைகட்டி நிற்கும். தொட்டி, கூழாங்கல், ஃபில்டர், ஏர் பம்ப், பத்துப் பன்னிரண்டு மீன்கள் என எல்லாவற்றையும் ஒரே நடையில் வாங்கி, அன்று மாலையே வீட்டுக் கூடத்தில் தொட்டியை வைத்துவிடலாம். ஆனால், அப்படி வைத்த பல தொட்டிகளில் ஓரிரு வாரங்களிலேயே மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கின்றன. ‘நமக்கு மீன் ராசி இல்லை’ என்று தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். ராசிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பளிச்சென்று தெரியும் அந்தப் புதுத் தண்ணீர்தான் காரணம்.

தெளிந்த நீரில் நஞ்சு

மீன்கள் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. கழிவும், தின்னாமல் விட்ட தீவனமும் அழுகும்போது அது இன்னும் கூடுகிறது. பழகிய தொட்டியில் ஒருவகை நுண்ணுயிரிகள் இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். வேறொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டால் பெரிய ஆபத்தில்லை. வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினாலே கட்டுக்குள் இருக்கும். இந்த நுண்ணுயிரிகள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டி வாழ்பவை. புதுத் தொட்டியில் இவை தேவையான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்.

அந்த இடைவெளியில்தான் மீன்கள் மடிகின்றன. அம்மோனியா கூடினால் செவுள் சிவந்து, மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அம்மோனியா குறைந்ததும் ஆபத்து நீங்கிவிட்டதாக நினைக்கக் கூடாது. அடுத்து நைட்ரைட் ஏறும். அது ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கவிடாமல் தடுப்பதால், காற்றுக் குமிழிகள் பொங்கும் தொட்டியிலேயே மீன் மூச்சுத் திணறும். நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்ற நுண்ணுயிரி என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று 1998-ல் டிமோத்தி ஹோவனெக் என்ற ஆய்வாளரின் குழுவினர் எடுத்துக்காட்டினர்.

தண்ணீரின் பி.எச். அளவையும் பார்க்க வேண்டும். அது 7-லிருந்து 8-க்கு உயர்ந்தால், அம்மோனியாவில் நச்சாக இருக்கும் பகுதி ஏறத்தாழ பத்து மடங்காகிவிடும். காரத்தன்மை கூடிய போர் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

வெறும் தொட்டியில் தொடங்குங்கள்

மீன் விடுவதற்கு முன்பே தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஃபில்டரை ஓட விடுங்கள். தினமும் ஒரு சிட்டிகை தீவனம் போடுங்கள். அது அழுகி வரும் அம்மோனியாதான் நுண்ணுயிரிகளுக்கு உணவு. நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வைத்தால் காத்திருக்கும் காலம் குறையும். கடைகளில் கிடைக்கும் சோதனைக் கிட் ஒன்று கட்டாயம் தேவை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்து, நைட்ரேட் தென்பட்டால் தொட்டி தயார்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி முழுக்க நிரம்பினாலே சுமார் 56 லிட்டர்தான். முதலில் நான்கைந்து சிறு மீன்கள் போதும். கடினத் தண்ணீர் என்றால் கப்பி, மோலி, பிளாட்டி நன்றாகத் தாங்கும். நியான் டெட்ரா புதுத் தொட்டிக்கு ஏற்றதல்ல. கழிவு அதிகம் போடும் தங்கமீனையும் இதில் சேர்க்காதீர்கள். அது குளிர்ந்த நீரை விரும்பும் மீன்.

நல்லெண்ணத்தில் செய்யும் தீங்கு

குழாய்த் தண்ணீரில் கிருமிகளைக் கொல்லக் கலக்கும் குளோரின், நமக்கு வேண்டிய நுண்ணுயிரிகளையும் கொல்லும். மீனின் செவுளையும் அரிக்கும். ஆகவே ஆன்டி-குளோரின் சேர்த்த பிறகே தண்ணீரை ஊற்றுங்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து அலசாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். முழுத் தண்ணீரையும் கொட்டிவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே மீன் விட்டுவிட்டீர்களா? தீவனத்தைக் குறைத்து, சோதனையில் அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரியும்போதெல்லாம் கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

உடல் நலிந்த மீனை வெள்ளைப் புள்ளி நோய் எளிதில் பிடிக்கும். உப்புத்தூள் தூவியதுபோல் துடுப்பிலும் உடலிலும் புள்ளிகள் தெரியும். அந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. தண்ணீரில் நீந்தும் பருவத்தில்தான் கொல்ல முடியும். எனவே புள்ளி மறைந்த பிறகும் சில நாட்கள் சிகிச்சை தொடர வேண்டும். இதற்கு ஊற்றும் மெத்திலீன் புளூ மருந்து, ஃபில்டரிலுள்ள நல்ல நுண்ணுயிரிகளையும் அழிக்கக்கூடியது. அதைத் தனித் தொட்டியில் மட்டும் பயன்படுத்துங்கள்.

மீன் விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தொட்டி வாங்க வருகிறவரிடம் மீனை அன்றே கொடுத்தனுப்பாதீர்கள்; ஒரு மாதம் கழித்து வரச் சொல்லுங்கள். வாங்குகிறவர்களே, கடைக்காரர் சொல்லாவிட்டாலும் நீங்கள் காத்திருங்கள். வாய் திறந்து கேட்க முடியாத உயிருக்கு நாம் செய்ய வேண்டிய முதல் கடமை அது.