தாது உப்பு விற்பனையில் நம் பொறுப்பு



தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை மொத்த வியாபாரத்தில் நாங்கள் நாற்பது ஆண்டுகளாக இருந்து வருகிறோம். தாது உப்புக் கலவைப் பாக்கெட்டை மட்டும் நெடுநாள் ஒரு பக்கச் சரக்காகவே நினைத்திருந்தோம். கேட்டால் எடுத்துக் கொடுப்போம், கேட்காவிட்டால் மறந்துவிடுவோம். அது தவறு என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். நம் உறுப்பினர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

இந்தக் கலவையின் எடையில் பெரும்பங்கு கால்சியமும் பாஸ்பரசும்தான். இரும்பு, செம்பு, துத்தநாகம், மாங்கனீசு, அயோடின், கோபால்ட் ஆகியவை மிகச் சிறிய அளவே சேரும். இவற்றை நுண்தாதுக்கள் என்கிறார்கள். சிறிய அளவுதானே என்று அலட்சியம் கூடாது. 1000 கிலோ காய்ந்த தீவனத்தில் கோபால்ட் ஒன்றிரண்டு குன்றிமணி எடை இருந்தால் போதும். அதுவும் இல்லாவிட்டால் ஆடுமாடு தேறாது.

கோபால்ட் கண்டுபிடித்த கதை

நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் சில பகுதிகளில் புல் செழித்து வளர்ந்தும், அதை மேய்ந்த ஆடுமாடுகள் இரை எடுக்காமல் சோகை பிடித்து மெலிந்து செத்தன. லிமோனைட் என்னும் இரும்புத் தாதுமண்ணைக் கொடுத்தபோது பல பிழைத்தன. ஆகவே இரும்புச் சத்துக் குறைவே காரணம் என்று நம்பினார்கள். ஆனால் ஓரிடத்து மண் நன்றாகக் கேட்டது. மற்றோரிடத்து மண் கேட்கவில்லை. பெயர் ஒன்று, நிறம் ஒன்று, குணம் மட்டும் லாட்டுக்கு லாட் வேறு!

மேற்கு ஆஸ்திரேலியாவில் அண்டர்வுட், ஃபில்மர் என்ற இருவர் அந்த மண்ணிலிருந்து இரும்பை நீக்கிவிட்டு மீதியைக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் ஆடுகள் தேறின. அப்படியானால் குணப்படுத்தியது இரும்பு அல்ல. அதனுடன் கலந்திருந்த கோபால்ட் என்று 1935-ல் தெளிவாயிற்று. அதே ஆண்டில் தெற்கு ஆஸ்திரேலியாவில் மார்ஸ்டன் குழுவினரும் இதே முடிவுக்கு வந்தார்கள்.

காரணம் பின்னர் விளங்கியது. 1948-ல் பிரித்தெடுக்கப்பட்ட பி12 வைட்டமினில் கோபால்ட் அடங்கியிருப்பது தெரிந்தது. அசைபோடும் பிராணிகளின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் கோபால்ட்டைக் கொண்டே இந்த வைட்டமினை உண்டாக்கித் தருகின்றன.

அளவு மீறினால்

குறைந்தால் கெடுதல், கூடினாலும் கெடுதல். செம்பு இதற்குச் சாட்சி. கிலோ தீவனத்துக்கு 40 மில்லிகிராம் செம்பு வரை மாடு தாங்கும். செம்மறிக்கு 15 தாண்டினாலே ஆபத்து என்று கால்நடை நூல்கள் கூறுகின்றன. வெள்ளாடு செம்மறியைவிடச் சற்றுத் தாங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் செம்மறிக் கிடாய்களைக் கொட்டிலில் கட்டி வளர்க்கும் வாடிக்கையாளர் ஒருவர், "ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஒண்ணுதானே அண்ணாச்சி?" என்று கேட்டு மாட்டுக் கலவையை வாங்கிப்போனார். நாங்களும் கல்லாவில் இருந்தபடி தலையாட்டினோம். சீக்கிரம் எடை ஏறட்டும் என்று அவரும் தாராளமாகவே போட்டார். மாதங்கள் கழித்து ஏழு கிடாய்கள் அடுத்தடுத்து இறந்தன. கண் மஞ்சளாகி, சிறுநீர் சிவந்து போயிற்றாம். ஈரலில் செம்பு நாளடைவில் சேர்ந்து, ஒரே சமயத்தில் இரத்தத்தில் இறங்கிவிட்டது என்றார் கால்நடை மருத்துவர். பாக்கெட்டில் 'மாடுகளுக்கு' என்றுதான் அச்சிட்டிருந்தது. நாங்கள் படித்துச் சொல்லவில்லை. அவர் சண்டைக்கு வரவில்லை. பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போனார். அதன்பின் நம் கடைப்படி ஏறவில்லை.

கடையில் செய்ய வேண்டியவை

1. எந்தப் பிராணிக்கு என்று கேட்காமல் பாக்கெட்டை எடுக்கக் கூடாது. செம்மறிக்கு மாட்டுக் கலவை வேண்டாம். கடைப் பையன்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

2. பாக்கெட்டைப் பிரித்துத் தாளில் மடித்துச் சில்லறையாகக் கொடுக்கக் கூடாது. பிராணியின் பெயரும் கொடுக்க வேண்டிய அளவும் பாக்கெட்டோடு போய்விடும்.

3. விலை மலிவு என்று பெயர் தெரியாத சரக்கை வாங்க வேண்டாம். சுண்ணாம்புத் தூளையும் நல்ல கலவையையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. மாட்டுத் தீவனத் தாது உப்புக்கு ஐ.எஸ். 1664 என்ற இந்தியத் தர நிர்ணயம் உண்டு. சத்துக்களின் அளவு அச்சிட்ட பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

4. ஈரத்தரையில் அடுக்காமல் பலகை போட்டு வையுங்கள். கட்டி தட்டிய கலவை தீவனத்தில் சீராகக் கலக்காது. ஒரு மாட்டுக்கு மிஞ்சும், மற்றொன்றுக்கு இல்லாமல் போகும்.

இந்தப் பாக்கெட்டில் நமக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம்தான். ஆனால் வாங்குபவருக்கு அந்த மாடும் ஆடும்தான் முதல். நம் வாயிலிருந்து வரும் ஒரு கேள்வி அவர் முதலைக் காப்பாற்றும். அவரைக் காப்பாற்றினால் நம் வியாபாரமும் நிலைக்கும்.